பழைய காரின் பாகங்களைத் திருத்துவதா, புதிதாக வாங்குவதா: யாழ்ப்பாணத்துப் புதியவர்களுக்கான வழிகாட்டி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்றைக்கும் ஓடுகின்ற, அல்லது ஓடாமல் கொட்டிலுக்குள் நிற்கின்ற பழைய கார்களிற் பெரும்பாலானவை ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் ஆகிய நான்கு பெயர்களுக்குள் அடங்கிவிடும். இவற்றுள் ஒன்றைத் தகப்பனாரிடமிருந்தோ, சேர்த்து வைத்த காசைக் கொடுத்தோ பெற்றுக்கொண்டவர், பழுதான ஒரு பாகத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு முதலில் கேட்கும் கேள்வி, இதையே திருத்திப் போடுவதா, புதிதாக ஒன்றை வரவழைப்பதா என்பதுதான். எல்லாம் ஒறிஜினலாகவே இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களும் உண்டு. பழசோடு மினைக்கெடாமல் புதிது வாங்கு என்று சொல்பவர்களும் உண்டு. இரு சாராரும் பாகத்தைப் பார்க்காமலேயே பதில் சொல்கிறார்கள் என்பதே என் குறை. உலோக உடல் நன்றாக இருக்குமானால் பழையதைத் திருத்துவதும், றப்பரையும் உராய்ந்து தேயும் பொருட்களையும் எப்போதும் புதிதாக வாங்குவதும், பிறேக்கிலும் ஸ்டியறிங்கிலும் விலையைக் கடைசியாக எண்ணுவதும் பெரும்பாலான வேளைகளில் சரியாக அமையும். அந்த முடிவுக்கு எந்த ஒழுங்கில் வருவது என்பதைக் கீழே விளக்குகிறேன்.

முதற்படி: உங்களிடம் இருப்பது என்ன கார்?

பதிவுப் புத்தகத்தை எடுத்து, அதிலுள்ள செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் காரில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இது வெறும் சடங்கன்று. எஞ்சின் புளொக்கை மாற்றினால் இலக்கமும் மாறும். அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்தவேண்டி வரும். வெடிக்காத ஒரு பழைய புளொக்கைத் திருத்தி வைத்திருப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

அடுத்து, காரின் பெயரை மட்டும் சொல்லிப் பாகம் கேட்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மொறிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை உற்பத்தியானது. அந்தக் காலத்துக்குள் அதற்கு 918, 803, 948, 1098 சி.சி. என நான்கு எஞ்சின்கள் பொருத்தப்பட்டன. கேம்பிறிட்ஜ் ஏ55 இன் எஞ்சின் 1489 சி.சி., ஏ60 இனுடையது 1622 சி.சி. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், பிஸ்ரன் மேலும் கீழும் போகும் தூரமும் 88.9 மி.மீ. என ஒன்றே, ஆனால் சிலிண்டரின் விட்டம் முன்னதில் 73.025 மி.மீ., பின்னதில் 76.2 மி.மீ. ஆகையால் ஒன்றின் பிஸ்ரன் மற்றதற்கு ஆகாது. ஏ40 டெவோன், சோமசெற் ஆகியவற்றின் 1200 சி.சி. எஞ்சினுக்கும், பின்னால் வந்த பி சீரிஸ் என்னும் எஞ்சின் வரிசையின் 1200 சி.சி. எஞ்சினுக்கும் கொள்ளளவு ஒன்றாக இருந்தாலும் அவை ஒரே எஞ்சின் அல்ல. கொள்ளளவைச் சொல்லி ஹெட் காஸ்கற் வாங்கினால் காசு வீணாகும்.

குடாநாட்டுக் கார்களுக்கென்று தனியான ஒரு சிக்கலும் உண்டு. 1990 இல் மீண்டும் போர் தொடங்கியபின் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் இங்கே வருவது தடைப்பட்டது. சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடவிடும் முறையில் இந்தக் கார்கள் ஆண்டுக்கணக்காக உழைத்தன. கிடைக்காத பாகத்தைக் கடைச்சல் பட்டறையில் கடைந்து போட்டார்கள். ஒரு காரின் பாகத்தை இன்னொன்றுக்கு ஏற்றபடி அறுத்தும் ஒட்டியும் பொருத்தினார்கள். அந்தக் கைவேலைகளிற் சில தொழிற்சாலை வேலையை விடவும் உறுதியானவை, சில அன்றைய நாளைக் கடத்துவதற்காக மட்டுமே செய்யப்பட்டவை. ஆகவே உங்கள் கையிலிருக்கும் பழைய பாகம் அசலானதா, எவரோ 1993 இல் செய்து போட்டதா என்பதை அறியாமல் அதைத் திருத்தத் தொடங்காதீர்கள். அசற் பாகங்களில் வார்ப்பிலேயோ தகட்டிலேயோ இலக்கம் இருக்கும். லூக்காஸ் நிறுவனத்தின் டைனமோ, ஸ்ராட்டர், டிஸ்றிபியூற்றர் ஆகியவற்றின் உடலில் பாக இலக்கத்தோடு செய்யப்பட்ட மாதமும் ஆண்டும்கூடப் பொறிக்கப்பட்டிருக்கும். காரின் ஆண்டோடு அது ஒத்துப்போனால் பெரும்பாலும் அது காரோடு வந்ததே.

மரைகளையும் கவனியுங்கள். 1950களின் முற்பகுதி வரையான பிரித்தானியக் கார்களில் பி.எஸ்.எஃப்., விட்வேத் மரைகளும், அதன் பின்னர் படிப்படியாக யூ.என்.எஃப். மரைகளும் வந்தன. கால் அங்குல பி.எஸ்.எஃப். போல்ட்டில் அங்குலத்துக்கு 26 மரை, யூ.என்.எஃப். இல் 28 மரை. முதல் இரண்டு சுற்று இரண்டும் ஏறிவிடும். அதன்பின் இறுக்கினால் மரை உரிந்துவிடும். பழைய போல்ட் ஒன்றைக் கையிற் கொண்டுபோகாமல் கடையிற் புதிய போல்ட் கேட்கவேண்டாம்.

இரண்டாம் படி: கழுவி, அளந்து, பிறகு பேசுதல்

ஊத்தையோடு இருக்கும் பாகத்தைப் பார்த்து எவரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. உலோகப் பாகங்களை மண்ணெண்ணெயிலே கழுவித் துடைக்கலாம். பிறேக் பாகங்களை மட்டும் அவ்வாறு செய்யக்கூடாது என்பதைப் பின்னால் விளக்குகிறேன். கழற்றும்போதே கைபேசியில் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துவிடுங்கள், சிறிய வோஷர்களையும் ஸ்பிறிங்குகளையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் பெயர் எழுதுங்கள்.

ஒரு வேணியர், ஒரு மைக்றோமீற்றர், ஒரு ஃபீலர் கேஜ் ஆகிய மூன்றும் இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். அங்குல அளவுள்ளவற்றையே வாங்குங்கள்; இந்தக் கார்களின் கைநூல்கள் எல்லாம் அங்குலத்தில் எழுதப்பட்டவை. அளந்த பின்னர் மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும். தேய்ந்தது முழுப் பாகமா, அதனுள் இருக்கும் புஷ், பெயாரிங், சீல் போன்ற சிறு பொருளா? தேய்ந்ததை மீட்கும் வேலையை இங்குள்ள பட்டறை நுணுக்கமாகச் செய்யுமா? அந்த வேலை தவறினால் கார் வழியில் நிற்குமா, அல்லது நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமற் போகுமா? மூன்றாவது கேள்விக்கான பதில் மற்ற இரண்டையும் மேவும்.

பிறேக்: பழசில் எதை வைத்திருக்கலாம்

இந்தக் கார்களிற் பெரும்பாலானவற்றில் பிறேக்கின் குழாய் வழி ஒன்றே. ஒரு சில்லுச் சிலிண்டர் ஒழுகினால் நான்கு சில்லுகளிலும் பிடி போய்விடும். அதனால் இதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மாஸ்ரர் சிலிண்டரைக் கழற்றி, பிஸ்ரனையும் றப்பர்களையும் வெளியே எடுத்து, மெதிலேற்றட் ஸ்பிரிட்டால் அல்லது புதிய பிறேக் ஒயிலால் மட்டும் கழுவுங்கள். பிறேக் ஒயில் கிளைக்கோல் வகைத் திரவம். அதற்கென்று செய்யப்பட்ட றப்பர் மண்ணெண்ணெயோ பெற்றோலோ பட்டால் ஊதிப் பெருத்துவிடும். பின்னர் சிறு டோர்ச் லைட்டைப் பிடித்து உட்சுவரைச் சுற்றிப் பாருங்கள். பழுப்பு நிறக் கறை மட்டும் இருந்தால் மெல்லிய ஹோனிங், அதாவது உட்சுவரைத் தேய்த்து மினுக்குதல், போதும். ஆனால் சீல் நடமாடும் இடத்தில், நகத்தை மெதுவாக ஓட்டும்போது தடக்குகின்ற சிறு குழி ஒன்று இருந்தாலும் அந்தச் சிலிண்டரை அப்படியே பாவிக்க முடியாது. குழி பெரும்பாலும் அடிப்பக்கத்திலேயே இருக்கும். பிறேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது, ஆண்டுக்கணக்காக மாற்றாமல் விட்டால் அந்த நீர் கீழே தங்கித் துருவாக்கும். மொறிஸ் மைனரின் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே, எட்டாத இடத்தில் இருப்பதால் அது கவனிக்கப்படாமலே போய்விடுகிறது.

குழி விழுந்த சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து, உள்ளே துருப்பிடிக்காத உருக்கிலோ பித்தளையிலோ ஸ்லீவ் என்னும் உள்ளுறை போட்டு, அசல் விட்டத்துக்குக் கொண்டுவருவது நல்ல முறை. வார்ப்பு உடல் அசலாகவே இருக்கும், அடுத்த முறை துருவும் பிடிக்காது. ஆனால் ஸ்லீவின் உட்பக்கம் கண்ணாடிபோல மினுக்கமாக இருக்கவேண்டும். ஒயில் திரும்பிச் செல்லும் மிகச் சிறிய துளை மீண்டும் அதே இடத்தில் துளைக்கப்பட்டு, அதன் விளிம்பில் பிசிறு இல்லாமல் இருக்கவேண்டும். அந்தப் பிசிறு ஒவ்வொரு மிதிப்பிலும் சீலைச் சீவும். பட்டறைக்காரர் முன்பு செய்த ஸ்லீவ் வேலை ஒன்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்ட இயலாவிட்டால் புதிய சிலிண்டர் வாங்குங்கள். சில்லுச் சிலிண்டர்களைப் பொறுத்தவரை எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை: குழி இருந்தால் புதிது. அவை சிறியவை, பாரமற்றவை, மொறிஸ் மைனருக்கு இன்றும் புதிதாகச் செய்யப்படுபவை.

பிறேக் லைனிங்கை ஒட்டியோ றிவெற் அடித்தோ தரும் பட்டறைகள் இங்கு உண்டு. லைனிங்கைத் தாங்கும் இரும்புச் சப்பாத்து வளையாமல் இருந்தால் அதையே பாவித்துப் புதிய லைனிங் போடலாம். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டிறம்முக்குள் இருக்கும் தூசியை ஊதவோ காற்றடிக்கவோ வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். றப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்காமல் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். வெளியே நன்றாகத் தோன்றும் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்துக்கொண்டு பிறேக்கை விடாமற் பிடித்திருக்கும். இரும்புப் பிறேக் குழாய்க்குப் பதிலாகச் செம்பு-நிக்கல் கலப்புக் குழாய் போடுவது உப்புக்காற்று வீசும் இந்த ஊருக்குப் பொருத்தமான ஒரே ‘அசலல்லாத’ மாற்றம் என்று சொல்லத் துணிவேன்.

ஸ்டியறிங்கிலும் முன் சஸ்பென்சனிலும் இதே கண்டிப்புத் தேவை. மொறிஸ் மைனரின் முன் சில்லைத் தாங்கும் மரை வெட்டிய ட்றனியன் தேய்ந்து மரை விட்டால் சில்லு அப்படியே மடிந்துவிடும். அதற்கு உருக்கு நிரப்பி வெல்டிங் செய்து மரை வெட்டித் தருகிறேன் என்பவரிடம் நன்றி சொல்லி விடைபெறுங்கள். வாங்கும்போது ஒரு பக்கத்துக்கு இடமரை, மறுபக்கத்துக்கு வலமரை என்பதையும் மறக்கவேண்டாம். பொருத்திய பின் கிறீஸ் அடிப்பதில் கஞ்சத்தனம் கூடாது.

எஞ்சின்: பிஸ்ரன் வந்த பிறகே புளொக் பட்டறைக்குப் போகவேண்டும்

மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினில் எரியாமல் மிஞ்சும் எண்ணெய், சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சினடிச் சம்பிலுள்ள ஒயிலையும் தண்ணீராக்கிவிடும். அதன் விளைவாகச் சிலிண்டரின் மேற்பகுதியும் றிங்குகளும் தேய்ந்திருக்கும், கரி படிந்து எக்ஸோஸ்ற் வால்வுகள் எரிந்திருக்கும். குடாநாட்டில் போர்க்காலம் முழுவதும் ஓடிய கார் என்றால், நன்றாக ஓடுகிறதே என்று விடாமல், ஹெட்டைக் கழற்றும் முதற் சந்தர்ப்பத்தில் அளந்து பாருங்கள். றிங் நடமாடும் மேல் எல்லையிலும், சிலிண்டரின் அடியில் றிங் தொடாத இடத்திலும் விட்டத்தை அளந்தால் வித்தியாசமே தேய்மானம். நடைமுறையில் அது 0.008 அங்குலத்தைத் தாண்டினால் புதிய றிங் மட்டும் போட்டு ஏமாறாமல் றீபோர் செய்வதே, அதாவது சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து பெரிய பிஸ்ரன் போடுவதே, நல்லது.

பிஸ்ரன்கள் 0.020, 0.040 அங்குலம் எனப் படிப்படியான ஓவர்சைஸில் வரும். இங்கேதான் புதியவர்கள் ஒழுங்கை மாற்றிச் செய்துவிடுகிறார்கள். முதலில் எந்த அளவுப் பிஸ்ரன் உண்மையில் கிடைக்கிறது என்று பார்த்து, அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அதன்பின்னரே புளொக்கைக் கொடுக்கவேண்டும். "பிஸ்ரன் கையில இருக்கோ தம்பி? இல்லையெண்டால் புளொக்கைத் திருப்பிக் கொண்டு போங்கோ" என்று சொல்லும் பட்டறைக்காரரே நம்பத்தக்கவர், அவர் பிஸ்ரனை அளந்து அதற்கேற்பவே சிலிண்டரைக் கடைவார். ஏற்கெனவே கடைசி ஓவர்சைஸ் வரை போய்விட்ட புளொக்கையும் எறியவேண்டாம். நான்கு சிலிண்டருக்கும் ஸ்லீவ் போட்டால் அது ஸ்ராண்டட் அளவுக்குத் திரும்பிவிடும். கிறாங்கும் அவ்வாறே: 0.010 அங்குலப் படிகளாக அரைத்து, அதற்குரிய பெயாரிங் போடலாம். அங்கும் பெயாரிங் முதலில், அரைத்தல் பின்னர்.

இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 உடன் நிறுத்தப்பட்டது. அந்த ஈயம் பழைய ஹெட்டுகளின் எக்ஸோஸ்ற் வால்வு இருக்கைகளைத் தேயாமற் காத்துவந்தது. ஆகவே ஹெட் பட்டறையில் இருக்கும்போதே, இருக்கைகளைக் கடைந்தெடுத்துக் கடினமான வளையங்களைப் பதிப்பித்துக்கொள்ளுங்கள். வால்வையும் அது ஏறி இறங்கும் கைட்டையும் புதிதாக வாங்கலாம். ஹெட்டைப் புதிதாக வாங்குவதற்கு வெடிப்பு ஒன்றே காரணமாக இருக்கவேண்டும்.

எஸ்.யூ. காபரேற்றர் திருத்துவதற்கென்றே செய்யப்பட்டதுபோல எளிமையானது. அதில் வழமையாகத் தேய்வது திறொட்டில் தண்டும் அதன் துளையும். எஞ்சின் ஓடும்போது தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஓட்டம் மாறினால் அந்த இடைவெளியால் காற்று உள்ளே போகிறது. உடலைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து பித்தளைப் புஷ் போட்டு, புதிய தண்டும் ஜெற்றும் நீடிலும் பொருத்தினால் முடிந்தது. மேலே உள்ள மணிபோன்ற மூடியும் அதனுள் ஏறி இறங்கும் பிஸ்ரனும் ஒன்றுக்கொன்று அளவு பார்த்துச் சேர்க்கப்பட்ட சோடி. இரண்டு காபரேற்றர்களை ஒரே நேரத்திற் கழுவுபவர்கள் இவற்றை மாற்றிவிடக் கூடாது.

டைனமோ: மேசையில் வைத்துச் செய்யக்கூடிய வேலை

பற்றரி சார்ஜ் ஏறவில்லை என்றதும் டைனமோவை எறிந்துவிட்டு ஓல்ற்றனேற்றர் போடச் சொல்வது கராஜ்களில் வழக்கமாகிவிட்டது. இரவில் அதிகம் ஓடுபவருக்கு அது நியாயமான யோசனையே. ஆனால் ஞாயிறுகளிலும் கலியாண வீடுகளுக்கும் மட்டும் ஓடும் காருக்கு, லூக்காஸ் சி39, சி40 வகை டைனமோவைத் திருத்துவது மலிவானதும் கற்றுக்கொள்ளத் தக்கதுமான வேலை.

முதலில் டி, எஃப் என்ற இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்து, பெல்ற்றைக் கழற்றிவிட்டு, பற்றரியின் ஒரு முனையை அதற்கும் மறுமுனையை உடலுக்கும் கொடுங்கள். நல்ல டைனமோ மோட்டார்போல மெதுவாகச் சுழலும். சுழலாவிட்டால் பின்பக்கத்தின் நீண்ட இரு போல்ட்டுகளைக் கழற்றித் திறவுங்கள். கரிப் பிரஷ்கள் தேய்ந்து கட்டையாகியிருக்கும், அல்லது பெட்டிக்குள் இறுகியிருக்கும். கொமியூற்றேற்றர் என்னும் செம்பு உருளை கறுத்து, பிரஷ் ஓடிய இடம் வாய்க்கால்போலப் பள்ளமாகியிருந்தால், லேத்தில் போட்டு மிக மெல்லியதாகச் சீவி எடுக்கவேண்டும். அதன்பின் செம்புத் துண்டங்களுக்கு இடையிலுள்ள மைக்கா செம்போடு சமமாகிவிடும். உடைந்த வாளலகு ஒன்றைத் தீட்டி, சி39 வகையில் ஏறத்தாழ 1/32 அங்குல ஆழத்துக்கு அந்த மைக்காவைச் சுரண்டித் தாழ்த்துங்கள். பட்டறையில் இதைச் செய்யாமல் விட்டால் பிரஷ் மைக்காவில் துள்ளித் துள்ளிப் பொறி பறக்கும், சில வாரங்களிலே பழைய கதைக்குத் திரும்பும். ஃபீல்ட் கொயிலை மீற்றரால் அளந்தால் 6 ஓம் அளவில் காட்டவேண்டும். பின் மூடியிலுள்ள வெண்கலப் புஷ் நுண்துளை உடையது. புதியதைப் பொருத்துமுன் ஒரு நாள் முழுவதும் எஞ்சின் ஒயிலில் ஊறவிடுங்கள்.

பிரஷ்ஷுக்கும் புஷ்ஷுக்கும் அலையவேண்டாம். மசி பேர்கசன் உழவு இயந்திரங்களும் லூக்காஸ் டைனமோவோடு வந்தவையே ஆதலால், உழவு இயந்திரப் பாகம் விற்கும் கடைகளில் பாக இலக்கத்தைக் காட்டிக் கேட்கலாம். திருத்திய டைனமோவைப் பூட்டியதும், எஞ்சினை ஓடவிடுமுன், எஃப் முனைக்கு எர்த் ஆகாத பற்றரி முனையிலிருந்து ஒரு கம்பியால் ஒரு கணம் தொட்டு எடுக்கவேண்டும்; அப்போதுதான் அது உங்கள் காருக்குரிய துருவத்தில் மின் பிறப்பிக்கும். இக்கார்களிற் பல பொசிற்றிவ் எர்த் கொண்டவை, அதாவது பற்றரியின் பொசிற்றிவ் முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். ஓல்ற்றனேற்றர், எலெக்றோனிக் இக்னிஷன் முதலியவற்றை வாங்குபவர்கள் இதை மறந்து பூட்டினால், அவை முதற் கணத்திலேயே எரிந்துவிடும்.

டிஸ்றிபியூற்றரின் உடலையும் தண்டையும் திருத்தலாம். றோட்டர், கொண்டென்சர் ஆகியன புதிதாகவே வாங்கவேண்டியவை என்றாலும், இப்போது வரும் மலிவான பிரதிகள் சில மோசமானவை. றோட்டரின் பித்தளையைப் பிடித்திருக்கும் றிவெற் ஊடாக மின் தண்டுக்குப் பாய்ந்து, எஞ்சின் சூடானதும் கார் நின்றுவிடும். றிவெற் இல்லாமல் வார்க்கப்பட்ட றோட்டரைத் தேடி வாங்குங்கள். பழையது வேலை செய்தால் அதை மாற்றவே வேண்டாம்.

றேடியேற்றரும் நமது கிணற்றுத் தண்ணீரும்

குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கியிருப்பது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதுதான் றேடியேற்றரின் செம்புக் குழாய்களுக்குள்ளும் புளொக்கின் நீரறைகளுக்குள்ளும் படிகிறது. சூடேறும் காருக்குப் புதிய றேடியேற்றர் வாங்குமுன், பழையதன் மேற்தொட்டியை ஈயப்பற்று உருக்கிக் கழற்றி, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் தட்டைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்விக்கவேண்டும். செம்பும் பித்தளையுமான பழைய உடலை எந்த ஊரிலும் பற்றவைக்கலாம். அலுமினியத்தில் வரும் புதியது வெடித்தால் அவ்வளவு எளிதிற் திருத்த முடியாது. குழாய்கள் சுவர் மெலிந்து பல இடங்களில் ஒழுகினால் மட்டும், தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுப்பகுதியைப் புதிதாகப் போடுவியுங்கள். அதன்பின் வாளியோடு கிணற்றடிக்குப் போகவேண்டாம். காய்ச்சி வடித்த தண்ணீரோ, இல்லாவிட்டால் துப்புரவாகச் சேகரித்த மழைநீரோ கூலன்டோடு கலந்து ஊற்றுங்கள்.

தகடு, றப்பர், குறோம்

ஏ40 டெவோனுக்கும் சோமசெற்றுக்கும் தனியான செசி உண்டு. மொறிஸ் மைனருக்கும் கேம்பிறிட்ஜுக்கும் தகட்டு உடலே பாரத்தைத் தாங்குகிறது. அவற்றில் கதவுக்குக் கீழுள்ள பெட்டியும் பின் ஸ்பிறிங் மாட்டும் இடமும் துருப்பிடித்தால் அது அழகு பற்றிய விடயமன்று. கடலைக் கடக்கும் பண்ணைப் பாலம், காரைநகர்ப் பாலம் வழியாக அடிக்கடி போய்வரும் கார்களில் இந்த இடங்களைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். வளைந்த அசல் மட்காட்டை அடித்து நேராக்குவது எப்போதும் சிறந்தது, ஏனெனில் அதன் விளிம்புகள் உங்கள் காருக்குப் பொருந்துபவை. துளைத்துப்போன தாங்கு தகடுகளுக்கு மட்டும் புதியது வாங்குங்கள். மொறிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்கள் 1990களிலிருந்து தென்னிலங்கையிலேயே செய்யப்பட்டுப் பிரித்தானியாவுக்கு ஏற்றுமதியாகியிருக்கின்றன. இலண்டனுக்கு எழுதுமுன் தெற்கில் விசாரியுங்கள்.

றப்பர் எல்லாம் புதிது. பெட்டி பிரிக்காத பழைய சரக்கு என்று பெருமையோடு விற்கப்படும் ஐம்பது வருடத்து றப்பர் சீல், பெட்டிக்குள்ளேயே இறந்துபோன பொருள். குறோம் பூசிய பித்தளையை மீண்டும் பூசுவிக்கலாம். நாகக் கலப்பில் வார்க்கப்பட்ட கைபிடிகளும் சின்னங்களும் கொப்பளித்திருந்தால் பூச்சுக்குச் செலவழிக்காமல் மாற்றுத் தேடுங்கள்.

செலவைக் கணக்கிட்டு வாங்குதல்

இலண்டன் விலைப்பட்டியலில் உள்ள தொகையை ரூபாவாக்கிப் பார்த்து, திருத்துவதைவிட மலிவு என்று முடிவுகட்டுவது சரியான கணக்கன்று. அதனோடு பாரத்துக்கேற்ற அனுப்புகூலியையும் சுங்க வரியையும் சேர்க்கவேண்டும். பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்ப முடியாது என்பதையும் ஒரு செலவாகவே எண்ணவேண்டும். அங்கே பழைய பாகத்தைக் கொடுத்தால் ஒரு தொகையைத் திருப்பித் தரும் மாற்றுமுறை உண்டு. இங்கிருந்து ஒரு ஸ்ராட்டர் மோட்டாரை அனுப்பும் கூலியில் அந்தத் தொகை கரைந்துவிடும். ஆகவே என் வழக்கம் இதுதான்: பாரமான உலோகத்தை இங்கே திருத்துவது, பாரமற்ற உள்ளீடுகளை வெளியிலிருந்து எடுப்பது. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் உறவினரின் பெட்டியில் ஒரு மூலையை முன்கூட்டியே கேட்டு வைத்தால், பிறேக் சீல், காபரேற்றர் ஜெற், டிஸ்றிபியூற்றர் பொயின்ற் எல்லாம் ஒரு சீனிப் பொதியின் இடத்தில் அடங்கிவிடும். ஹெட் காஸ்கற்றை மட்டும் இரு கடின மட்டைகளுக்கு இடையில் வைத்துக் கட்டச் சொல்லுங்கள், மடிந்தால் உதவாது.

உள்ளூரில் ஸ்ரான்லி வீதிக் கடைகளிலும், கொழும்பில் பஞ்சிகாவத்தையிலும் பொறுமையோடு கேட்பவருக்கு இன்னும் கிடைக்கும். கேம்பிறிட்ஜ், ஒக்ஸ்போட் வைத்திருப்பவர்களுக்கு இந்தியாவும் ஒரு வழி. அம்பாசிடர் கார் மொறிஸ் ஒக்ஸ்போட் மூன்றாம் சீரிஸிலிருந்து வந்தது, நீண்ட காலம் அதே 1489 சி.சி. பி சீரிஸ் எஞ்சினோடும், பின்னர் வேறு எஞ்சின்களோடும் 2014 வரை செய்யப்பட்ட வரிசை அது. அங்கிருந்து வரும் பாகங்களிற் பல பொருந்தும். ஆனாலும் பழையதற்குப் பக்கத்தில் வைத்து அளக்காமல் எதையும் பெட்டியிலிருந்து நேரே காருக்குள் ஏற்றவேண்டாம்.

பூட்டிய பிறகு

ஒரே நாளில் பல பாகங்களை மாற்றாதீர்கள். பிழை வந்தால் எதனால் என்று தெரியாது. பிறேக் வேலை முடிந்தால், மிதியை ஒரு நிமிடம் முழுப் பலத்தோடு அழுத்திப் பிடித்து, அது கீழே இறங்குகிறதா என்று பார்த்த பின்னரே வாசலைத் தாண்டுங்கள். முதல் ஓட்டத்துக்கு நகரத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போய்வருவது நல்ல தூரம். திரும்பி வந்ததும் சில்லுகளின் உட்பக்கம், காபரேற்றர் அடி, றேடியேற்றர் மூட்டு ஆகியவற்றில் ஈரம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். றீபோர் செய்த எஞ்சினை முதல் 500 மைலுக்கு விரட்டாமல் ஓட்டி, அதன்பின் ஒயிலை மாற்றி, ஹெட் நட்டுகளைக் கைநூலின் ஒழுங்கில் மீண்டும் இறுக்குங்கள்.

கழற்றிய பழைய பாகங்களைத் துடைத்து, ஒயில் பூசி, எந்தக் காருக்குரியது, என்ன குறை, எந்தத் திகதியிற் கழற்றியது என்று எழுதி வையுங்கள். பிறேக் றப்பரும் ஹோஸும் மட்டும் குப்பைக்குப் போகட்டும். ஆனையிறவைத் தாண்டி நீண்ட பயணம் போகும் நாளில், வேலை செய்துகொண்டிருக்கும்போதே கழற்றிய பழைய றோட்டரும் கொண்டென்சரும், அவற்றை மாற்றுவதற்கான ஸ்குறூட்றைவரும் காரின் முன் தட்டுக்குள் இருக்கவேண்டும்.